நடக்காத நாற்பது அடி

முப்பத்தோரு வருஷம் நான் கணக்கு டீச்சர். சூயிங்கம் மென்றதற்காக எத்தனை பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன் என்பதற்கு என்னிடமே கணக்கில்லை. அப்படிப்பட்ட என்னை, குடலில் அறுவை முடிந்த மறுநாள் காலை கட்டிலில் சாய்த்து உட்கார வைத்து, ஒரு சூயிங்கத்தைப் பிரித்து என் வாயில் வைத்தாள் ஒருத்தி. "நல்லா மெல்லுங்க டீச்சரம்மா. வாய் அசைஞ்சா வயிறு சாப்பாடு வருதுன்னு நினைச்சு முழிச்சுக்கும்" என்றாள். நான் மென்றேன். செய்த பாவம் சும்மா விடுமா?

அந்த ஒருத்தியை வார்டில் எல்லோரும் நடையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த டாக்டரும் அப்படித்தான் கூப்பிடுவார். நாற்பதைத் தாண்டியவள், ஒல்லி, நடக்கும்போது சத்தமே வராது. நர்ஸ் இல்லை, உதவியாளர்தான். வயிற்றை அறுத்துத் தைத்தவர்களை எழுப்பி நடக்க வைப்பதுதான் அவள் வேலை. பதினாறு வருஷமாக அதே தாழ்வாரத்தில் ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பிக்கொண்டிருக்கிறாள். நேராகப் போயிருந்தால் உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றியிருப்பாள் என்று அவளிடம் ஒருமுறை சொன்னேன். "திரும்பி வரத்தானே டீச்சரம்மா நடக்கறோம்" என்றாள்.

என் அப்பாவுக்கு வயிற்றில் அறுவை நடந்த காலம் வேறு. முதல் நாள் சாயந்தரத்திலிருந்து பட்டினி போட்டார்கள். பிறகு ஒரு வாரம் அசையாமல் படுக்க வைத்தார்கள். இடுப்பெல்லாம் புண்ணாகி, சளி கட்டி, எலும்பும் தோலுமாகத்தான் வீட்டுக்கு வந்தார். இந்த வார்டில் எல்லாமே தலைகீழ். அறுவைக்கு மூன்று வாரம் முன்பே கூப்பிட்டு நடக்கச் சொன்னார்கள். மூன்று பந்துகள் அடைத்த ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து, மூச்சை இழுத்துப் பந்தைத் தூக்கச் சொன்னார்கள். தினமும் இரண்டு முட்டை. அறுவை நாளன்று, தியேட்டருக்குப் போக இரண்டு மணி நேரம் இருக்கும்போது ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் வந்தது. வெறும் வயிறாக இருக்க வேண்டாமா என்று கேட்டேன். "ஓட்டப்பந்தயத்துக்குப் போறவங்களைப் பட்டினியாவா அனுப்புவாங்க" என்று நடையக்கா டம்ளரை என் கையில் திணித்தாள்.

அவளுக்கு நோயாளிகள் மேல் கோபமே வராது. கோபமெல்லாம் சொந்தக்காரர்கள் மேல்தான். அம்மாவுக்கு வலிக்கும், அப்பா களைச்சுட்டார், இன்னொரு நாள் போகட்டுமே என்று வருகிறவர்களை வாசலிலேயே மறிப்பாள். "பாசத்தைக் குடையோட சேத்து வெளியே வெச்சுட்டு வாங்க. போறப்ப எடுத்துக்கலாம்" என்பாள். என் மகனுக்கும் இந்த மரியாதை கிடைத்தது. வீட்டில் நான் ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது வார்த்தை பேசுகிறவன், இவள் முன்னால் பெட்டிப்பாம்பாக நின்றான்.

முதல் தடவை கட்டிலை விட்டு இறங்கும்போது எல்லோரையும் அவள் ஒரே கேள்விதான் கேட்பாள். எங்கே போக வேண்டும்?

அப்போது என் முதுகில் ஒரு மெல்லிய குழாய் வழியாக வலி மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. சுவர்கள் மூச்சு விட்டன. திரைச்சீலை காற்றில் அசையும்போதெல்லாம் யாரோ உள்ளே வந்து உட்கார்ந்தது போல இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு என்று சொன்னேன். "சரி, மணி அடிக்கப் போகுது, வாங்க" என்று என் முழங்கையைத் தாங்கினாள். நம்பமாட்டீர்கள், அந்தத் தாழ்வாரத்தில் பதினேழாம் வாய்ப்பாட்டைப் பிள்ளைகள் ஒப்பிக்கும் சத்தத்தை நான் கேட்டேன். மருந்து டப்பாக்கள் அடுக்கிய அலமாரி ஆறாம் வகுப்பாக இருந்தது. எடை பார்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் எட்டாம் வகுப்பு. தரையில் விழுந்த வெயில் நீளமாக, சதுரம் சதுரமாக, கோடு போட்ட நோட்டுப்புத்தகம் மாதிரி கிடந்தது. அதன்மேல் கால் வைக்கக் கூசியது. "மிதிச்சா அழியாது, வாங்க" என்றாள். இருபது அடி நடந்து திரும்பி வந்து படுத்தபோது, ஒரு பள்ளிக்கூட நாளே முடிந்துபோன அலுப்பும் நிம்மதியும் எனக்கு இருந்தது.

நடந்ததை அவள் உடனே எழுதிவிடுவாள். கட்டிலின் கால்மாட்டில் ஓர் அட்டை தொங்கும். எத்தனை நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்தார், எத்தனை அடி நடந்தார், என்ன குடித்தார், காற்று பிரிந்ததா என்று அதில் கட்டங்கள் இருக்கும். கடைசிக் கட்டத்துக்கு இருந்த மவுசு வேறெதற்கும் கிடையாது. அறுவைக்குப் பிறகு உறங்கிப்போன குடல் விழித்துக்கொண்டதற்கு அதுதான் அடையாளம். டாக்டர் கேட்பார், நர்ஸ் கேட்பார், தரை துடைக்க வருகிற அம்மாளும் துடைப்பத்தில் சாய்ந்து நின்று கேட்பார். வெளியில் சொன்னால் மானம் போகும் சமாச்சாரம் உள்ளே நல்ல செய்தியாகிவிடுகிறது. எனக்கு அது நடந்தபோது எதிர்க்கட்டில்காரி கை தட்டினாள்.

நான் சேர்ந்த மறுநாள் பக்கத்துக் கட்டிலுக்கு நடையக்காவின் அக்கா வந்து சேர்ந்தார். ஊருக்கே அக்காவாக இருக்கிறவள் வேறொருத்தியை அக்கா என்று கூப்பிடுவதைக் கேட்க வேடிக்கையாக இருந்தது. குழப்பம் வேண்டாம் என்று மற்றவர்கள் அவரைப் பெரியக்கா என்றார்கள். சின்னவளுக்கு மூன்று வயதும் பெரியவருக்குப் பதினைந்தும் ஆனபோது அம்மா இறந்துபோனார். பெரியவர் சலவைக் கடையில் இஸ்திரி போடப் போனார். ஒரு கையில் இஸ்திரிப்பெட்டி, இடுப்பில் தங்கை. கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்தது, இரண்டு தடவையும் இவளையும் கூட்டிக்கொண்டு வருவேன் என்றார், பேச்சு நின்றது. இஸ்திரி மேஜை முன்னால் நாற்பது வருஷம் நின்றே தங்கையைப் படிக்க வைத்தார். கால் நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தன. பெருங்குடலில் கட்டி என்று தெரிந்தபோதும், அறுவைக்கு முன்னால் மூன்று வாரம் நடக்க வா என்று தங்கை கூப்பிட்டதற்கு, "நாள் பூரா நிக்கறவளுக்கு நடை எதுக்குடி" என்று வராமலே இருந்துவிட்டார். ஊரையே மிரட்டுகிற நடையக்கா அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை என்று தலைமை நர்ஸ் பிறகு என்னிடம் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை பெரியக்காவுக்கு அறுவை முடிந்தது. புதன்கிழமை காலை அவரை நடக்க வைக்க வேண்டிய முறை. சொந்தக்காரர்களை வேறு ஆள்தான் நடக்க வைக்க வேண்டும் என்று தலைமை நர்ஸ் சொல்லியும், என் அக்காவை நான்தான் பார்ப்பேன் என்று நடையக்கா கேட்டு வாங்கிக்கொண்டாளாம்.

நான் மயங்கியும் தெளிந்தும் கிடந்தேன். திரைச்சீலை பாதி விலகியிருந்தது.

"அக்கா, எழுந்திரு. எங்க போகணும்?"

பெரியக்கா கண்ணைத் திறக்காமலே சிரித்தார். "எங்கயும் போக வேண்டாம்டி. வந்து சேந்துட்டேன்."

"இருபது அடிதான் அக்கா. அந்த ஜன்னலுக்குப் பாதி தூரம்."

"நாப்பது வருஷத்துல இன்னிக்குத்தான் யாரும் என்னைக் கூப்பிடலை. நீயும் கூப்பிடாத. எவ்வளவு சுகமா இருக்கு தெரியுமா, முதுகு முழுக்கப் படுக்கைல பட்டுகிட்டு..."

பேசிக்கொண்டே தூங்கிவிட்டார். நடையக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வெயில் பெரியக்காவின் நெற்றியிலிருந்து மெதுவாகக் கன்னத்துக்கு இறங்கியது, பிறகு தலையணைக்கு. அவள் அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் எழுந்து கால்மாட்டுக்குப் போய் அட்டையில் ஏதோ எழுதினாள். சாயந்தரமும் அதே மாதிரி வந்தாள், உட்கார்ந்தாள், எழுதினாள்.

நான் இரண்டு தடவையும் பார்த்தேன். தப்பான விடையைக் கண்டால் கை தன்னால் சிவப்பு மைக்குப் போகிற ஜென்மம் நான். ஆனால் அன்று காலையில்தான், இறந்துபோன என் கணவர் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதையும் இதே கண்ணால் பார்த்திருந்தேன். இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தக் காட்சி பிடித்திருந்தது. கலைக்க மனம் வரவில்லை.

வியாழக்கிழமை காலை டாக்டர் அட்டையைப் பார்த்தார். நன்றாக நடந்திருக்கிறார் என்று சந்தோஷப்பட்டு, குளுக்கோஸை எடுத்துவிட்டு சூப் கொடுக்கச் சொன்னார். பத்து மணிக்குப் பெரியக்காவுக்கு விக்கல் தொடங்கியது. பன்னிரண்டு மணிக்கு வயிறு தம்பட்டம் மாதிரி உப்பியிருந்தது. குடித்த சூப் பச்சையாக வெளியே வந்தது. மூக்கு வழியாகக் குழாய் போட்டு வயிற்றைக் காலி செய்தார்கள். காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

டாக்டர் கால்மாட்டில் நின்று மறுபடி அட்டையைப் படித்தார். எப்போதும் வேடிக்கையாகப் பேசுகிறவர், அன்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஸ்கேன்ல தெளிவாத் தெரியலை. படுத்தே கிடந்திருந்தா குடல் மந்தமாயிருக்கும்னு சொல்லலாம். இவங்கதான் ரெண்டு வேளையும் நடந்திருக்காங்களே. அப்புறமும் இப்படின்னா உள்ள தையல் விட்டிருக்குமோன்னுதான் தோணுது. ஆறு மணிக்கு தியேட்டரை ரெடி பண்ணிடுங்க. திறந்து பாத்துடலாம்."

தலைமை நர்ஸ் குறித்துக்கொண்டார். நடையக்கா கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். எனக்கு மயக்கமெல்லாம் ஒரே நொடியில் தெளிந்துவிட்டது. அந்த அட்டையில் இருந்த பொய்யை நம்பி ஒரு வயிற்றை இரண்டாம் தடவை அறுக்கப் போகிறார்கள். பெரியக்காவின் உடம்பு அதைத் தாங்குமா என்பது டாக்டரின் முகத்திலேயே எழுதியிருந்தது. நான் வாயைத் திறந்தேன். சூயிங்கம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் அவளே பேசிவிட்டாள்.

"டாக்டர், அக்கா நடக்கலை."

"அட்டைல இருக்கே."

"நான்தான் எழுதினேன். ரெண்டு வேளையும் அவங்க தூங்கிட்டு இருந்தாங்க. எழுப்பாம நானே இருபது இருபதுன்னு எழுதிட்டேன்."

டாக்டர் அட்டையிலிருந்து கண்ணை எடுத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அதற்குக்கூட அவருக்குத் தெம்பு வரவில்லை போலிருக்கிறது.

"நீங்களா?" என்றார். "பதினாறு வருஷமா உங்க கையெழுத்தைப் பாத்துத்தான் நான் கத்தியை எடுக்கறதும் வைக்கறதும். ஏன்?"

"அவங்க தூங்கி நான் பாத்ததில்லை டாக்டர். சின்ன வயசுல நான் கண் முழிக்கறப்ப நின்னுகிட்டு இருப்பாங்க. நான் கண்ணை மூடறப்பவும் நின்னுகிட்டுத்தான் இருப்பாங்க. தூங்கறப்ப முகம் இப்படித்தான் இருக்கும்னு நேத்துத்தான் தெரிஞ்சுது. பாத்துகிட்டே உக்காந்துட்டேன்."

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். பதினாறு வருஷமாகக் குடைகளை வெளியே வைக்கச் சொன்னவள் தன்னுடையதை மட்டும் உள்ளே கொண்டுவந்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது, அவள்மேல் பாதி, என்மேல் பாதி.

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப மணி ஒண்ணரை. தையல் விட்டிருந்தா வலி ஏறும், நாடி ஏறும். பக்கத்துலயே இருந்து பாருங்க. ஆறு மணி வரைக்கும் நடக்க வைங்க, மூச்சு இழுக்க வைங்க. ஆறு மணிக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நடையக்கா அக்காவின் முழங்கையைத் தொடப் போனாள். தலைமை நர்ஸ் அந்தக் கையை எடுத்து விலக்கினார். கடுமையாக இல்லை, ஆனால் விலக்கினார்.

"நீ இல்லை. நீ இனிமே சொந்தக்காரி. சொந்தக்காரங்க உக்கார்ற இடம் எங்கேன்னு உனக்குத் தெரியும்."

தெரியும்தான். தாழ்வாரத்தின் கோடியில், ஜன்னலுக்குக் கீழே ஒரு நீள பெஞ்சு. எத்தனையோ பேரை அவள் அனுப்பிவைத்த பெஞ்சு. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அதில் போய் உட்கார்ந்தாள். கதவு திறந்திருந்ததால் என் கட்டிலிலிருந்து அவள் தெரிந்தாள்.

பெரியக்கா கண்ணை மூடிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். மூக்கில் குழாயோடு, கரகரத்த குரலில் தலைமை நர்ஸைக் கேட்டார்.

"எத்தனைன்னு எழுதினா?"

"காலைல இருபது. சாயந்தரம் இருபது."

"நாப்பது" என்று என்னையும் அறியாமல் சொன்னேன். தொழில் புத்தி.

பெரியக்கா என் பக்கம் திரும்பினார். "டீச்சரம்மா, எண்ணத் தெரியும்ல உங்களுக்கு? எண்ணுங்க."

எழுந்து உட்காரவே பத்து நிமிடம் ஆனது. வயிற்றின்மேல் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டார். ஒரு பக்கம் தலைமை நர்ஸ், இன்னொரு பக்கம் குழாய்கள் தொங்கும் கம்பி. எழுந்து நின்றதும் முகம் வெளுத்தது. கண் செருகிவிடுமோ என்று பயந்தேன். நாற்பது வருஷம் நின்ற கால்கள் நிற்க மறக்கவில்லை, நகரத்தான் மறந்திருந்தன. பிறகு ஒரு கால் வந்தது. ஒன்று என்றேன்.

நானும் என் கம்பியைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனேன். பிற்பகல் வெயில் தாழ்வாரம் முழுக்க நிறைந்திருந்தது. தூசி மிதந்துகொண்டிருந்தது. எதிர்ப்பட்டவர்கள் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டார்கள். பதினொன்று. பன்னிரண்டு. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அந்த வெளிச்சத்தில் பெரியக்கா தரையைத் தொடாமல் போவதாக எனக்குத் தோன்றியது. அவருக்கு அப்படித் தோன்றியிருக்காது. இருபத்தாறில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டார், மேலுதட்டில் வியர்வை துளிர்த்திருந்தது. போதும் என்றார் தலைமை நர்ஸ். பெரியக்கா தலையை ஆட்டி மறுத்தார். பெஞ்சில் இருந்தவள் எழ முயன்றாள், பிறகு தன் இடம் நினைவு வந்தவளாக உட்கார்ந்துகொண்டாள். ஓடி வந்து பிடிக்க முடியாமல் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

நாற்பதாவது அடி பெஞ்சுக்கு முன்னால் விழுந்தது. அப்படி அமைந்ததா, பெரியக்கா கடைசி நாலைந்தைக் குறுக்கி வைத்தாரா, எனக்குத் தெரியாது.

"இது வரைக்கும் நீ எழுதினது" என்றார் தங்கையிடம். "இனிமே வைக்கறது எனக்கு."

திரும்பிக் கட்டிலுக்கு நடந்தார். நாற்பத்தொன்று என்று எண்ணத் தொடங்கினேன். அடுத்த நாலு மணி நேரத்தில் இன்னும் மூன்று தடவை நடந்தார். நடுநடுவே அந்த மூன்று பந்துகளோடு மல்லுக்கட்டினார். முதலில் ஒரு பந்து அரை மனதாக எழுந்தது. ஐந்து மணிக்கு இரண்டு பந்துகள். வலி ஏறவில்லை. தலைமை நர்ஸ் கால் மணிக்கு ஒரு தடவை நாடியைப் பிடித்துப் பார்த்து அட்டையில் குறித்தார்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. தியேட்டருக்குத் தள்ளிப்போகும் கட்டில் வாசலில் வந்து நின்றுவிட்டது. அப்போது பெரியக்கா என்னைப் பார்த்து முகத்தை ஒரு மாதிரியாகச் சுளித்தார். வலி என்று பதறிவிட்டேன். அந்த முகம் வெட்கத்துக்கு மாறியது. தொடர்ந்து ஒரு சத்தம் வந்தது. நீளமான சத்தம், ஐயத்துக்கு இடமே இல்லாத சத்தம்.

பெஞ்சுக்கு யார் போய்ச் சொல்வது? நான்தான் போனேன். அன்று அங்கே ஏழெட்டு சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசைக்கும் கேட்கிற என் வகுப்பறைக் குரலிலேயே சொன்னேன்.

"உங்க அக்காவுக்குக் காத்து பிரிஞ்சுடுச்சு."

பதினாறு வருஷத்தில் அந்த வார்த்தையை ஆயிரம் பேர் வாயிலிருந்து கேட்டவள் அவள். கட்டத்தில் ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறவள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதாள். பக்கத்தில் இருந்த யாரோ ஒருத்தர், என்ன ஏதென்று தெரியாமலே, அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

டாக்டர் வந்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். வாசலில் நின்ற கட்டிலைத் திருப்பி அனுப்பினார். தலைமை நர்ஸ் அட்டையில் பழைய இரண்டு இருபதுகளையும் அடித்தார், அடித்ததற்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். நடையக்கா மேல் என்ன நடவடிக்கை என்று நாளைக்குப் பேசலாம் என்றார். பேசினார்கள். இரண்டு மாதம் அவள் யாரையும் நடக்க வைக்கக் கூடாது என்று துணி மடிக்கும் அறைக்கு மாற்றினார்கள். அது நியாயம்தான் என்று அவளே சொன்னாள். இப்போது மறுபடி தாழ்வாரத்துக்கு வந்துவிட்டாள் என்று கேள்வி. சொந்தக்காரர்களிடம் குடைப் பேச்சு பேசுவதில்லையாம், பெஞ்சில் அவர்களோடு கொஞ்ச நேரம் உட்காருகிறாளாம்.

அந்த வியாழக்கிழமை சாயந்தரம், பார்வையாளர் நேரத்தில், எல்லா சொந்தக்காரர்களையும் போல அவளும் வரிசையில் நின்று உள்ளே வந்தாள். அக்காவின் போர்வையை இழுத்துச் சரி செய்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"போதும் அக்கா. இப்பத் தூங்கு."

"இங்க வேண்டாம்டி" என்றார் பெரியக்கா. "வீட்டுக்குப் போய்த் தூங்கறேன். பகல்லயே தூங்கறேன், கடையைச் சாத்திட்டு. பக்கத்துல உக்காந்து ஆசை தீரப் பாத்துக்கோ. அதுக்கு முதல்ல வீட்டுக்குப் போகணும்ல. கையைக் குடு, இன்னொரு தடவை போயிட்டு வரலாம்."

நடையக்கா தலைமை நர்ஸைப் பார்த்தாள். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கனவே அடுக்கியிருந்த மருந்து டப்பாக்களை மறுபடி எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.